குடுவையில் சிஎச்ஓ செல்கள் தாமாகச் சாவதைத் தள்ளிப்போடுவது எப்படி?

சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து 1957-இல் தியோடர் பக் பிரித்தெடுத்த செல்களின் வாரிசுகள்தான் சிஎச்ஓ செல்கள். இன்று சந்தையில் இருக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் (ஒரே இலக்கைப் பிடிக்கும் ஒரே வகை எதிர்ப்புப் புரதங்கள்) பெரும்பாலானவை இவற்றில்தான் தயாராகின்றன. ஆறு நாள் வரை நன்றாக வளரும் கல்ச்சர் (மீடியம் என்ற ஊட்டத் திரவத்தில் வளர்க்கும் செல் கூட்டம்), எட்டாம் நாளில் மளமளவென்று சரியும். அந்தச் சாவில் பெரும்பகுதி அப்போப்டோசிஸ், அதாவது செல் தானே நடத்திக்கொள்ளும் திட்டமிட்ட சாவு. 1972-இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் இதற்கு வைத்த கிரேக்கப் பெயருக்கு இலை உதிர்தல் என்று பொருள்.

உள்ளே நடப்பது சுருக்கமாக இது: பட்டினி, கழிவு, உப்பழுத்தம் (ஆஸ்மாடிக் அழுத்தம்) என்று ஏதோ ஒரு நெருக்கடி வந்ததும் பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் துளையிடும். அதன் வழியாக சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும். முதலில் காஸ்பேஸ்-9, அடுத்து காஸ்பேஸ்-3 என்று புரதம் வெட்டும் நொதிகள் கிளம்பி செல்லின் புரதங்களை நறுக்கத் தொடங்கும். துளை விழாமல் பிடித்து வைப்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் வகைப் புரதங்கள். துளை விழுந்த பிறகு மருந்து ஊற்றுவது, ரயில் கிளம்பிய பிறகு டிக்கெட் எடுக்க ஓடுவது போல. அதனால் கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி வேலை துளைக்கு முந்தையது.

படி 1: ஆரோக்கியமான தொடக்கம்

500 மி.லி. ஷேக்கர் குடுவையில் 150 மி.லி. சீரம் இல்லாத மீடியம் எடுங்கள். மி.லி.க்கு 3 லட்சம் செல் விதையுங்கள். 37 டிகிரி செல்சியஸ், 5 முதல் 8 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 25 மி.மீ. சுழல்வட்டம் உள்ள ஷேக்கரில் நிமிடத்துக்கு 125 சுற்று. விதைக்கும் செல்களின் உயிர்ப்பு விகிதம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தவறாமல் பாசேஜ் செய்யுங்கள், அதாவது கொஞ்சம் செல்லை எடுத்துப் புதிய மீடியத்தில் விதையுங்கள். வார இறுதி என்று விட்டு, கூட்டம் நெருக்கிய செல்லை எடுத்து விதைத்தால் பாதித் தோல்வி அங்கேயே முடிவாகிவிடும்.

மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா) சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். அது மீடியத்தின் ஆர்ஜினைனைத் தின்று செல்லைச் சாவுக்குத் தள்ளும், ஆனால் மீடியம் கலங்காது. 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும், பெனிசிலினுக்கும் அசையாது. இது இருக்கும் கல்ச்சரில் கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

படி 2: சாவை முன்கூட்டியே பார்ப்பது

தொடக்கநிலையில் எல்லோரும் டிரைபான் நீலம் என்ற சாயத்தை மட்டும் நம்புவார்கள். அது செல் சவ்வு கிழிந்த பிறகுதான் உள்ளே போகும். அப்போப்டோசிஸில் சவ்வு கடைசியில்தான் கிழியும். நீலம் ‘95 சதவீதம் உயிர்’ என்று சொல்லும்போதே சாவு தொடங்கியிருக்கலாம். எண்ணிக்கைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள் (0.4 சதவீதக் கரைசல், சம அளவு, சில நிமிடத்துக்குள் எண்ண வேண்டும்). சாவைப் பார்க்க அனெக்சின்-5 என்ற புரதம் தேவை. சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல் செரின் என்ற கொழுப்பு வெளியே திரும்பியதும் அனெக்சின் அதைப் பிடித்துக்கொள்ளும்.

செல்லை 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, குளிர்ந்த பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஒருமுறை கழுவுங்கள். 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 140 மில்லிமோலார் உப்பு, 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கொண்ட, பிஎச் 7.4 பஃபரில் மி.லி.க்கு 10 லட்சமாகக் கரையுங்கள். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, அனெக்சின்-எஃப்ஐடிசி (ஒளிரும் சாயம் ஒட்டிய அனெக்சின்) 5 மைக்ரோலிட்டர், புரோப்பிடியம் அயோடைடு (சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழையும் சாயம்) 5 மைக்ரோலிட்டர் சேர்த்து 15 நிமிடம் இருட்டில் வையுங்கள். பிறகு 400 மைக்ரோலிட்டர் பஃபர் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் கருவி) ஓட்டுங்கள். அனெக்சின் மட்டும் பிடித்தவை தொடக்கநிலைச் சாவு, இரண்டும் பிடித்தவை முற்றியவை.

அனெக்சினுக்குக் கால்சியம் இல்லாமல் ஒட்டத் தெரியாது. மாதிரியில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்திருந்தால் எல்லாச் செல்லும் ஆரோக்கியமாகத் தெரியும், நீங்களும் மகிழ்ந்துவிடுவீர்கள். சாயமில்லாத மாதிரி, ஒற்றைச் சாய மாதிரிகள், அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரினில் (1 மைக்ரோமோலார்) 4 முதல் 6 மணி நேரம் வைத்த மாதிரி ஆகியவை இல்லாமல் எல்லைக்கோடு போடாதீர்கள். கருவி இல்லையென்றால் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் 200 கரு எண்ணுங்கள். சுருங்கித் துண்டானவை அப்போப்டோசிஸ்.

படி 3: எது கொல்கிறது என்று கண்டுபிடிப்பது

அனெக்சின் ஏறத் தொடங்கும் நாளில் (பெரும்பாலும் 5 அல்லது 6) குடுவையை ஐந்தாகப் பிரியுங்கள். 125 மி.லி. குடுவைக்கு 25 மி.லி. வீதம்.

முதல் குடுவையில் பிபிஎஸ் மட்டும், இதுதான் ஒப்பீடு. சேர்க்கும் அளவு எல்லாவற்றிலும் சமமாக இருக்க, மற்றவற்றில் குறையும் அளவையும் பிபிஎஸ் ஊற்றியே நிரப்புங்கள். இரண்டாவதில் குளுக்கோஸ். மூன்றாவதில் 200 மில்லிமோலார் குளுட்டமின் 0.25 மி.லி.; இது 2 மில்லிமோலார் கூட்டும். ஜிஎஸ் முறையில் (குளுட்டமினைத் தானே தயாரிக்க உதவும் ஜீனை வைத்து) தேர்ந்தெடுத்த செல்லானால் குளுட்டமினுக்குப் பதில் அஸ்பராஜின். நான்காவதில் அமினோ அமில ஃபீட் (செறிந்த ஊட்டக் கரைசல்), கொள்ளளவில் 5 சதவீதம். ஐந்தாவதைச் சுழற்றிப் பழைய மீடியத்தைக் கொட்டிவிட்டுப் புதியதில் கரையுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஐந்தாவது மட்டும் பிழைத்தால் கழிவு கொல்கிறது: அம்மோனியா 5 மில்லிமோலாரைத் தாண்டியிருக்கும், அல்லது லாக்டேட் ஏறியிருக்கும். நான்காவதும் பிழைத்தால் அமினோ அமிலப் பட்டினி. ஐந்தாவதுகூடப் பிழைக்கவில்லையென்றால் நீங்கள் பிரித்ததே தாமதம். ஒரு நாள் முன்னதாகத் திரும்பச் செய்யுங்கள். மரபணுவில் கைவைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள், இரண்டு மாதம் செலவழித்துச் சாப்பாட்டுக் குறையை ஜீனால் மூடப் பார்க்கிறார்கள்.

படி 4: ஊட்டமும் குளிரும்

குளுக்கோஸ் லிட்டருக்கு 2 கிராமுக்கு இறங்கும்போது 6 கிராமுக்கு ஏற்றுங்கள். 150 மி.லி. கல்ச்சருக்கு 600 மி.கி. வேண்டும், 45 சதவீதக் கரைசலில் அது 1.33 மி.லி. அமினோ அமில ஃபீடை 3, 5, 7, 9-ஆம் நாள்களில் 5 சதவீதம் வீதம் கொடுக்கலாம். டைரோசினும் சிஸ்டினும் நடுநிலை பிஎச்-இல் சரியாகக் கரையாததால் அவை தனியாகக் காரக் கரைசலில் வரும். துளித்துளியாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் ஊற்றிய இடத்துச் செல் வெந்துபோகும்.

தாராளமும் கொல்லும். மீடியத்தின் உப்பழுத்தம் 280 முதல் 320 மில்லிஆஸ்மோலில் தொடங்குகிறது. ஃபீடும் பிஎச் சரிசெய்யும் காரமும் சேர்ந்து 400-ஐத் தாண்டினால் வளர்ச்சி தளரும்.

நான்காம் ஐந்தாம் நாளில், செல் எண்ணிக்கை மி.லி.க்கு 60 முதல் 80 லட்சம் எட்டியதும் வெப்பத்தை 32 அல்லது 33 டிகிரிக்கு இறக்குங்கள். செல் பிரிவது நிற்கும், தீனி குறையும், சாவு தள்ளிப்போகும். முன்கூட்டியே இறக்கினால் செல்லே சேராது. உற்பத்தியைக் கூட்ட சோடியம் பியூட்டிரேட் போடுபவர்கள், அதே மருந்து அப்போப்டோசிஸைத் தூண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 5: அப்புறம்தான் மரபணு

பிசிஎல்-எக்ஸ்எல் ஜீனைச் செருகும்போது, உங்கள் ஆன்டிபாடி ஜீனுக்குப் பயன்படுத்திய தேர்வு மருந்தையே (ஜீன் ஏறாத செல்லைக் கொல்லும் மருந்து) மறுபடி பயன்படுத்தாதீர்கள். பியூரோமைசின் என்றால் மி.லி.க்கு 0, 2, 4, 6, 8, 10 மைக்ரோகிராம் என்று தாய்ச் செல்லில் வைத்து, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் கொல்லும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். பிசிஎல்-எக்ஸ்எல் இல்லாத வெற்று பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) செருகிய கூட்டத்தையும் பக்கத்திலேயே வளர்க்க வேண்டும். அது இல்லாமல், பிழைத்தது ஜீனாலா தேர்வாலா என்று பிரிக்க முடியாது. புரதத்தை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 30 கிலோடால்டன் பக்கம் பட்டை வர வேண்டும். மருந்தில்லாமல் பல பாசேஜ் ஓட்டிய பிறகும் அது இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பேக்ஸ், பேக் இரண்டையும் நீக்கிய செல்லில் இந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரு ஜீனின் எல்லாப் பிரதிகளும் போயிருக்கின்றனவா என்று குளோன் குளோனாகச் சோதிக்க வேண்டும். எந்த வழியானாலும் ஆன்டிபாடி அளவை அளந்து பாருங்கள். நீண்ட நாள் வாழ்ந்தும் சும்மா உட்கார்ந்திருக்கும் செல்கள் உண்டு.

இசட்-வேட்-எஃப்எம்கே என்ற காஸ்பேஸ் தடுப்பான் விலை அதிகம். 20 மைக்ரோமோலாரில் போட்டு, சாவு காஸ்பேஸ் வழியானதா என்று உறுதிசெய்ய மட்டும் அது போதும். மைட்டோகாண்டிரியாவில் விழுந்த துளையை அது அடைக்காது. கரைப்பானான டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், ஒப்பீட்டுக் குடுவையிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும்.

அறுவடையை உயிர்ப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள். செத்த செல்லிலிருந்து வழியும் புரோட்டியேஸ் ஆன்டிபாடியை வெட்டும், சியாலிடேஸ் சர்க்கரைச் சங்கிலியின் முனையை உரிக்கும், டிஎன்ஏ வடிகட்டியை அடைக்கும்.