ஊருக்குக் கொண்டுபோகும் மின்பொருட்கள்: பிளக் ஒரு பிரச்சினை, வோல்ற் வேறொரு பிரச்சினை

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், சிட்னி என்று எங்கிருந்து போனாலும் வோல்ற் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிளக்கின் கால்கள்தான் மாறும். கனடா, அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டுமே மாறும், அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். பயணக் கடைகளில் விற்கும் அடப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும். வோல்ற்றை அது தொடாது.

சூட்கேசில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளிலும் 'இன்புட்' என்ற வரியைத் தேடி வாசியுங்கள். '100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ்' என்றிருந்தால் கவலையில்லை, அடப்டர் போதும். போன், லப்டொப், கமரா சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். நித்திரையில் மூச்சு தடைப்படாமலிருக்கப் போடும் சீபாப் மெஷின்களும் பெரும்பாலும் அப்படியே. '120 வோல்ற்' என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கனடாவில் வாங்கிய மின்சாரப் பற்தூரிகையின் சார்ஜரையும் நெபுலைசரையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இவற்றில் ஏமாறுவது சுலபம். சில முடி உலர்த்திகளில் 120/230 என்று ஒரு சிறிய சுவிச் இருக்கும். அதைத் திருப்ப மறந்தால் இருந்தும் பயனில்லை.

சூடாக்கும் பொருட்களில் கணக்கு மோசமானது. வோல்ற் இரட்டிப்பானால் வலு நான்கு மடங்காகும். 120 வோல்ற்றில் 1,500 வாற் எடுக்கும் முடி உலர்த்தி 230 வோல்ற்றில் சுமார் 5,500 வாற் இழுக்கப் பார்க்கும். கம்பி அறும், அல்லது பியூஸ் போகும். 'கொன்வேர்ட்டர்' என்று கையடக்கமாக விற்பவை வெறும் சூடாக்கும் பொருட்களுக்கு மட்டுமே. மோட்டாரோ மின்னணுச் சுற்றோ உள்ளதை அதில் போடக்கூடாது. அவற்றுக்கு வோல்ற்றைக் குறைக்கும் உண்மையான ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அது கிலோக்கணக்கில் பாரம். ட்ரான்ஸ்போமரும் ஹேர்ட்ஸை மாற்றாது: 60 ஹேர்ட்ஸில் ஓடும் சுவர் மணிக்கூடு 50 ஹேர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பின்னே போகும். கேத்திலும் அயர்ன் பொக்ஸும் ஊரில் வாங்குவதே லாபம்.

கனடாவிலிருந்து பவர் பார் (பல சொக்கெற் உள்ள எக்ஸ்டென்ஷன்) கொண்டுபோவதுதான் பலர் யோசிக்காமல் செய்யும் தவறு. சார்ஜர்கள் எல்லாம் 240 வரை தாங்கும், ஆனால் பவர் பார் தாங்காது. அதற்குள் இருக்கும் சேர்ஜ் பாதுகாப்பு, அதாவது வோல்ற் திடீரென எகிறினால் காக்கும் பாகம், 120 வோல்ற்றுக்கு அளவிடப்பட்டது. 230 வந்ததும் மின்னல் அடித்ததாக நினைத்து, மின்னோட்டத்தைத் தன்வழியே விட்டுக் கருகும். ஐரோப்பிய எக்ஸ்டென்ஷன் அப்படியல்ல. ஒரே அடப்டரில் அதைச் செருகினால் குடும்பத்துக்கே சார்ஜ் போடலாம். கேத்திலை மட்டும் அதில் போடாதீர்கள்.

இனி பிளக். இலங்கையின் இன்றைய தரம் 13 அம்பியர் தட்டைக் கால் பிளக், அதாவது பிரித்தானியாவில் உள்ளதேதான். லண்டன்காரர் நேரே செருகலாம். ஆனால் பழைய வீடுகளில் உருண்டைக் கால் சொக்கெற்றுகள் இன்னும் உண்டு: சிறியது 5 அம்பியர், பெரியது 15 அம்பியர். தங்கப்போகும் வீட்டுச் சொக்கெற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுவிஸ் மூன்று கால் பிளக், சாதாரண ஐரோப்பிய அடப்டருக்குள் போகாது. அதற்கென்று துளை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

13 அம்பியர் சொக்கெற்றில் நீளமான எர்த் கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். ஊரில் பேனையையோ ஈர்க்குக் கட்டையோ எர்த் துளையில் குத்தி, இரண்டு கால் பிளக்கைத் திணிப்பார்கள். வேலை செய்யும், அதுதான் தொல்லை. மெல்லிய உருண்டைக் கால், தட்டைத் தகடுகளுக்கிடையே இறுக்கமாக நிற்காது. பொறி பறந்து சொக்கெற் கருகும். சின்னப் பிள்ளைகளும் பார்த்துப் பழகுவார்கள். ஜேர்மன், பிரெஞ்சுப் பிளக்குகளை எர்த் தொடர்பில்லாத மலிவு அடப்டரில் போட்டாலும், இரும்பு உடல் கொண்ட பொருளில் கசிவு வந்தால் ஷொக் அடிக்கும்.

மின்வெட்டு வரலாம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனதற்கு, பாணந்துறையில் ஒரு குரங்கைக் காரணமாகச் சொன்னார்கள். 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் ஏறக்குறைய 74 வாற்-மணி, விமானத்தின் 100 வாற்-மணி எல்லைக்குள் வரும். கைப்பையில் மட்டும் வையுங்கள். மின்சாரம் போனதும், இடிமழை தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது.

திரும்பும்போது மிக்சியும் கிரைண்டரும் வாங்கி வருவோர் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். கனடாவில் மிக்சிக்கு ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்போமர் வேண்டும். கல் கிரைண்டரின் மோட்டார் அதில் போட்டாலும் 60 ஹேர்ட்ஸில் ஐந்திலொரு பங்கு வேகமாகச் சுற்றும். ஐரோப்பாவுக்கென்றால் பிளக்கை மாற்றினால் சரி.