ஏடி டயர் வாங்கப் போறீங்களா? ட்ரெட் அப்புறம், முதல்ல சைட்வாலைப் படிங்க

ஏடி டயர் (ஆல் டெரெய்ன், தாரு மண்ணு ரெண்டுலயும் ஓடுறது) போடணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் செய்யிற முதல் வேலை படம் பாக்குறதுதான், எது பாக்க முரட்டுத்தனமா இருக்கோ அதுல மனசு போய் ஒட்டிக்கும், அப்புறம் அதை வாங்க ஒரு காரணம் தேட ஆரம்பிச்சிடுவோம். என் வண்டிக்கு தேடினப்போ கடைசில முடிவு பண்ண வச்சது ட்ரெட் (தரையைத் தொடுற ரப்பர் பகுதி) இல்ல, சைட்வால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல பொடி எழுத்துல இருக்கிற நம்பருங்கதான். ஜாக்கி வைக்கிறது, வீல் கழட்டுறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

படி 1: தார் ரோடு எவ்வளவு, மண்ணு எவ்வளவு

ஆசைக்கணக்கு வேண்டாம், போன வருஷம் வண்டி நிஜமா எங்க ஓடுச்சுன்னு பாருங்க. கிட்டத்தட்ட எல்லாமே தார் ரோடு, எப்பவாவது சரளைன்னா ஹெச்டி (ஹைவே டெரெய்ன்) டயரே போதும். தாரும் மண்ணும் கல்லும் மாறி மாறி வந்தா ஏடி. சேறே கதின்னா எம்டி (மட் டெரெய்ன்), ஆனா சத்தமும் ஈர ரோட்டுல வழுக்கலும் கூடவே வரும். இப்போ ஆர்டின்னு (ரக்கட் டெரெய்ன்) ஏடிக்கும் எம்டிக்கும் நடுவுல ஒண்ணு வருது, பாக்க நல்லாத்தான் இருக்கு, தினமும் வேலைக்குப் போற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏடிலயே ரெண்டு ரகம் இருக்கு. யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 மாதிரி மிதமானது, பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி முரடு. ரோடுதான் அதிகம்னா மிதமான பக்கமே நில்லுங்க.

படி 2: நம்பர் படிக்கிறது

டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல கம்பெனி டயர் சைஸும் காத்து அளவும் இருக்கும், போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உதாரணத்துக்கு 265/65 ஆர்17 112எஸ். 265 அகலம் மில்லிமீட்டர்ல, 65ன்னா சைட்வால் உயரம் அந்த அகலத்துல 65 சதவீதம், ஆர் ரேடியல், 17 ரிம் இஞ்ச். 112 லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். எஸ்னா 180 கிமீ வேகம் வரைக்கும், க்யூன்னா 160. புது டயரோட லோடு இண்டெக்ஸ் ஸ்டிக்கர்ல இருக்கிற டயரை விட குறையவே கூடாது, கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னாலும்.

படி 3: எல்டியா, சாதாவா (எனக்கு தலை சுத்தின இடம்)

ஒரே கம்பெனி, ஒரே மாடல் பேரு, ஒரே சைஸ், ட்ரெட்டும் அச்சு அசல் ஒண்ணு, ஆனா டயர் ரெண்டு விதமா வரும். ஒண்ணு சாதா கார் கட்டமைப்பு, இன்னொன்னு சைஸுக்கு முன்னாடி எல்டின்னு போட்ட லைட் ட்ரக் கட்டமைப்பு. எல்டில சி, டி, இ-ன்னு லோடு ரேஞ்ச் இருக்கும், அதை 6, 8, 10 ப்ளைன்னு கடைல சொல்வாங்க, ஆனா வெட்டிப் பாத்தா உள்ள அத்தனை அடுக்கு இருக்காது, அது பழைய காலத்து கணக்கு, இப்போ வெறும் வலிமை ரேட்டிங்.

265/70 ஆர்17 எடுத்துக்கோங்க. சாதா டயர்ல 115, அதாவது 1215 கிலோ. எல்டி இ ரேஞ்ச்ல 121/118, இதுல முதல் நம்பர் தனி வீலா போட்டா, அதாவது 1450 கிலோ. பாத்ததும் எல்டிதான் பலசாலின்னு தோணும். அந்த 1450 கிலோ 80 பிஎஸ்ஐ காத்து அடிச்சா மட்டும்தான். எடையைத் தாங்குறது ரப்பர் இல்ல, உள்ள இருக்கிற காத்து. உங்க ஸ்டிக்கர்ல 35ன்னு இருந்தா அது சாதா டயருக்குப் போட்ட கணக்கு, அதே 35ஐ எல்டி டயர்ல வச்சா அது தாங்குற எடை பழைய டயரை விட குறைஞ்சு போயிடும். குடும்பம், சாமான், மேல கேரியர்னு ஏத்திக்கிட்டு ஹைவேல போனா சைட்வால் மடங்கி மடங்கி சூடேறும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து.

அப்போ என்ன பண்ணணும்? எந்தக் காத்துக்கு எத்தனை கிலோங்கிற லோடு டேபிளை டயர் கம்பெனிகிட்ட கேளுங்க. பழைய டயர் ஸ்டிக்கர் காத்துல எத்தனை கிலோ தாங்குச்சோ, எல்டி டயர் எந்த காத்துல அதைத் தொடுதோ, அதுதான் உங்க புது அளவு. பொதுவா ஸ்டிக்கரை விட கூடத்தான் வரும். சைட்வால்ல 80ன்னு இருக்கேன்னு 80 அடிச்சிடாதீங்க, அது உச்ச வரம்பு, வண்டி கட்டாந்தரையில குதிக்கும்.

எல்டி யாருக்கு? கூர்மையான பாறைல போறவங்க, ட்ரெய்லர் இழுக்குறவங்க, வண்டி நிறைய லோடு ஏத்துறவங்க. மத்தவங்களுக்கு சாதா டயர் போதும், எல்டி ஒவ்வொண்ணும் சில கிலோ அதிக எடை, மைலேஜ், பிக்கப், பிரேக் எல்லாத்துலயும் அது தெரியும்.

படி 4: இப்போ ட்ரெட்

ட்ரெட்ல இருக்கிற ரப்பர் கட்டைங்களுக்கு நடுவுல இடைவெளி பெருசா இருந்தா சேறு தானா வெளிய விழும், ரோட்டுல சத்தம் போடும். கட்டை மேல கத்தியால கீறின மாதிரி மெல்லிசா கோடு இருக்கும், சைப்னு சொல்வாங்க, ஈர ரோட்டுல பிடிக்கிறதுக்கு அது ரொம்ப உதவும். விரலால தடவிப் பாருங்க, சில டயர்ல அந்தக் கோடு மேலாப்ல மட்டும்தான் இருக்கும், பாதி தேஞ்சதும் காணாம போயிடும், ஆழமா இறங்குதான்னு பாத்து வாங்குங்க.

பனில ஓட்டுறவங்க மூணு சிகர மலைக்குள்ள பனித்துகள் படம் இருக்கான்னு பாருங்க. எம்+எஸ் (சேறு, பனின்னு அர்த்தம்) எழுத்து மட்டும் இருந்தா அது ட்ரெட் வடிவத்தை வச்சு கம்பெனியே போட்டுக்கிறது. மலைப்படம் டெஸ்ட் பண்ணிக் குடுக்கிறது, அந்த டெஸ்டும் பெரும்பாலும் பனில வண்டி கிளம்புற பிடிப்பைத்தான் பாக்குது.

படி 5: பெரிய சைஸ் ஆசை

265/65ல இருந்து 265/70 போனா விட்டம் 776 மிமீல இருந்து 803 மிமீ ஆகும், சுமார் 3.4 சதவீதம். முன்னாடி ஸ்பீடோமீட்டர் சரியா காட்டிட்டு இருந்துச்சுன்னா, இப்போ 100 காட்டுறப்போ நிஜத்துல 103க்கு மேல போறீங்க. இடிக்குதான்னு நேரா நிறுத்திப் பாத்தா தெரியாது, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ரிவர்ஸ்லயும் ஒடிச்சு, ஒரு வீலை கல்லு மேல ஏத்திப் பாருங்க, மட் ஃப்ளாப் பக்கம்தான் முதல்ல உரசும். அகலத்தைக் கூட்டுறதை விட ரிம்மைச் சின்னதாக்கி சைட்வாலை உயரமாக்குறது கல்லு ரோட்டுக்கு நல்லதுங்கிறது என் கட்சி.

அப்டேட்: ஸ்டெப்னி பத்தி நிறைய பேர் கேட்டுட்டாங்க. ஃபுல் டைம் ஆல் வீல் டிரைவ் (எப்பவும் நாலு வீலும் இழுக்கிற) வண்டிக்கு அஞ்சாவதும் அதே சைஸ்ல வாங்கியே ஆகணும். ஒரு டயர் மட்டும் சுற்றளவு மாறினா முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இழுவையைப் பிரிக்கிற நடு டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செஞ்சு சூடாகும். வண்டிக்கு அடியில தொங்குற ஸ்டெப்னின்னா பெரிய சைஸ் அங்க நுழையுமான்னும் அளந்துக்கோங்க.

படி 6: வாங்குறப்போ

சைட்வால்ல டிஓடி (DOT)ன்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசில நாலு நம்பர் பாருங்க, 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. சில டயர்ல இது ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ள திரும்பிட்டா வண்டிக்கு அடியில படுத்துத்தான் படிக்கணும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

படி 7: மாட்டின அப்புறம்

முதல் சில நூறு கிமீ நிதானமா போங்க, 100 கிமீ போனதும் நட்டை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) வச்சு சரி பாருங்க.

மண்ணுல இறங்குறப்போ காத்தைக் குறைக்கிறதுதான் பாதி வித்தை. மணல்ல 15-18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குவாங்க, மெதுவா போகணும், ஸ்டியரிங்கை வெடுக்குன்னு ஒடிச்சா டயர் ரிம்மை விட்டு கழண்டு வந்துடும். திரும்ப தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி காத்து ஏத்திடணும், அதுக்கு கம்ப்ரஸர் இல்லாம காத்தை இறக்கவே இறக்காதீங்க. லைட்டர் சாக்கெட்ல சொருகுற குட்டி கம்ப்ரஸர் வேண்டாம், பேட்டரில கிளிப் போடுற மாதிரி வாங்குங்க, பெரிய டயருக்கு குட்டி மிஷின் சூடாகி நின்னுடும். காத்து அளக்குற கேஜ் எனக்கு டயல் வச்சதுதான் பிடிக்கும், டிஜிட்டல்ல செல் எப்போ தீரும்னு சொல்ல முடியாது.

ரோட்டுக்கு காத்து சரியான்னு பாக்க ட்ரெட் குறுக்கால சாக்பீஸ்ல ஒரு பட்டை போட்டுட்டு, சமமான ரோட்டுல நேரா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் அழிஞ்சு நடு வெள்ளையாவே நின்னா கம்மி. ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா மாத்திப் பாருங்க, ஆனா லோடு டேபிள் சொன்ன அளவுக்குக் கீழ மட்டும் போகக்கூடாது.

இன்னொரு அப்டேட்: "புதுசுல சத்தமே இல்ல, இப்போ உறுமுது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பெரும்பாலும் ரொட்டேஷன் (டயருங்களை இடம் மாத்துறது) பண்ணாம விட்டதுதான், கட்டை ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு ரம்பப்பல் மாதிரி ஆயிடும். கையை ட்ரெட் மேல முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவுங்க, ஒரு பக்கம் வழவழன்னு, எதிர்ப்பக்கம் கையில குத்துச்சுன்னா அதேதான். 8000-10000 கிமீக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க, ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சையும் சுத்தி விடுங்க, அலைன்மென்ட்டையும் அன்னைக்கே பாத்துடுங்க.