குழந்தை வெண்டிலேட்டரில் இருக்கும்போது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு நாள் ஐசியூ வாசலிலேயே கிடந்தோம். ஐந்தாம் நாள், "இனிப் பலனில்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு தாளை நீட்டினார்கள். மருத்துவர் சொல்லியும் கேட்காமல் என் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. மாமா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெருந்துறை வருவதற்குள் ஆம்புலன்ஸிலேயே பையன் மூச்சுக்குத் தவித்துப் போய்விட்டான்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தவறு. பலனில்லை என்பது டாக்டரின் முடிவு. தாளோ நீங்கள் அவர் பேச்சை மீறியதாகச் சொல்கிறது. வெண்டிலேட்டரை, அதாவது மூச்சு விட உதவும் கருவியை, நிறுத்த முறையான வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. சிகிச்சை தரும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் சேர்ந்த குழு முதலில் பார்க்கும். அப்புறம் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இருக்கிற இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பெற்றோர் சம்மதமும் வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். கருவி நின்றாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து நிற்கக் கூடாது. எங்களுக்கு அந்த மருந்துதான் கிடைக்கவில்லை.

"என்ன செலவானாலும் எல்லாம் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதும் தவறு. அன்பில் வருகிற வார்த்தைதான். ஆனால் இந்தக் கருவி பிள்ளையைக் குணமாக்குமா, சாவை மட்டும் தள்ளிப்போடுமா என்று கேளுங்கள். மூன்று நாள் பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி பேசுவோம் என்று கெடு வைக்கச் சொல்லலாம்.

நம் பக்கம் அப்பாருவும் மாமனும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், பெற்றவள் வராந்தாவில் இருப்பாள். டாக்டர் பேசும்போது அவளும் உள்ளே இருக்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமும் பேச வேண்டும்.

இன்னொன்று: குணமாகும் பிள்ளைக்கு, நாட்டு மருந்து பார்க்கிறோம் என்று சிகிச்சையை மறுப்பது பெற்றோர் உரிமை ஆகாது. அந்த அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காகத் தரப்பட்டது. குழந்தைகள் நலக் குழுவோ நீதிமன்றமோ தலையிடலாம்.

ஐசியூவில் குழாய்களோடு இருக்கும் பிள்ளையையும் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். பல நேரம் முடியும். அக்கா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.