வாயால் ஜெயிக்கும் வில்லனை மேடையில் வீழ்த்துவது எப்படி

வட சென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் பக்கம் திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் ராஜா ராணிக் கதை போடும் குழுக்களுக்காக இது. வாள் பிடித்த வில்லனைச் சாய்ப்பது சுலபம். சகுனி மாதிரி வாயாலேயே ராஜ்ஜியத்தைக் கவிழ்க்கிறவனைச் சாய்ப்பதுதான் கஷ்டம். அவன் சாகிற நிமிஷத்தை விட, அவன் பேச்சு எடுபடாமல் போகிற நிமிஷம்தான் பெரிசு. ரிகர்சலில் பாதி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

இதற்கு நல்ல பாடம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கில டிவி தொடரின் ஏழாவது சீசனில் கடைசி எபிசோடு. 2017 ஆகஸ்டில் வந்தது. சகுனி மாதிரி சூழ்ச்சிக்கார வில்லன் லிட்டில்ஃபிங்கர் மாட்டுகிற காட்சியைப் பார்த்திருந்தாலும் இன்னொரு தடவை, கத்தியை மட்டும் கவனித்துப் பாருங்கள். 2011-இல் வந்த முதல் சீசனில், சிறுவன் பிரானைக் கொல்ல வந்தவன் கையில் இருந்தது அதே கத்தி. அது டிரியன் என்ற இன்னொரு பிரபுவுடையது என்று பிரானின் அம்மாவிடம் பொய் சொல்கிறான் லிட்டில்ஃபிங்கர். ஏழாவது சீசனில் அவனே அதை பிரானிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். பிரான் அதை அக்கா ஆர்யாவிடம் தருகிறான். கடைசியில் லிட்டில்ஃபிங்கரின் கழுத்தை ஆர்யா அறுப்பது அந்தக் கத்தியால்தான். ஆறு வருஷம் ஒரே பொருள் கைமாறி அவனிடமே வந்து சேர்ந்தது.

உங்கள் நாடகத்துக்கும் இப்படி ஒரு பொருள் வேண்டும். மோதிரம், ஓலை இரண்டும் வேண்டாம். ஒரு சாணுக்குக் குறைந்த பொருள் கடைசி வரிசைக்குத் தெரியாது. சிவப்புத் துணி சுற்றிய பிடியோடு ஒரு கத்தி செய்யுங்கள். மூன்று தடவை காட்டினால் போதும்: முதலில் வில்லன் கையில், பிறகு ஒரு அப்பாவி கையில், கடைசியில் தீர்ப்புச் சொல்கிறவர் கையில். நடுவில் துணியின் நிறத்தை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அது வேறு கத்தி என்றுதான் ஜனம் நினைக்கும்.

குற்றச்சாட்டு மூன்று போதும். மூன்றும் முதல் பாதியிலேயே மேடையில் நடந்து, ஜனம் கண்ணால் பார்த்ததாக இருக்கணும். கடைசி ஐந்து நிமிஷத்தில் புதுசாக ஒரு கொலையைச் சொன்னால், ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிடும். ஒவ்வொரு குற்றத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுக்கு எழுதுங்கள். நீளமான வசனம் வில்லனுக்கு யோசிக்க நேரம் கொடுத்துவிடும்.

இருபதுக்குப் பதினைந்து அடி மேடையில், குற்றவாளி மாதிரி தெரிகிற ஆளை நடுவில் நிறுத்துங்கள். வில்லன் ஓரமாகத் தூணில் சாய்ந்து, வேடிக்கை பார்ப்பது போல நிற்கட்டும். ராணி குற்றத்தைப் படித்துவிட்டு அவன் பெயரைச் சொன்னதும் சபையில் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பணும். மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், யாரும் அசையக் கூடாது. புது நடிகர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். அந்த மூன்று எண்ணிக்கையில்தான் ஜனத்துக்கு உடம்பு சிலிர்க்கும்.

பிறகு அவன் பேச்சு உடைகிற விதம். அதுவரை செந்தமிழில் நெளிவு சுளிவாகப் பேசியவன், முதலில் "தனியாகப் பேசலாம், தாயே" என்பான். அது பலிக்காது. அடுத்து அதிகாரம்: தன் தளபதியைக் கூப்பிடுவான். தொடரிலும் லிட்டில்ஃபிங்கர், தன்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகச் சொல்லி தன் படைத்தலைவர் ராய்ஸ் பிரபுவுக்குக் கட்டளையிடுகிறான், ராய்ஸ் மறுத்துவிடுகிறார். மண்டியிட்டுக் கெஞ்சுவது அதற்கப்புறம்தான். கெஞ்சலை முதலிலேயே வைத்தால் காட்சி சப்பென்று போகும். தளபதிக்கு "முடியாது" என்ற ஒரே வார்த்தைதான், ஆனாலும் குழுவில் நல்ல குரல் உள்ளவருக்கு அந்த வேஷத்தைக் கொடுங்கள். கெஞ்சும்போது வில்லன் நம்ம பேச்சுக்கு இறங்கட்டும்: "அம்மா, வுட்ரும்மா, ஒரு தபா வுட்ரும்மா." யாராவது சிரித்தாலும் நிறுத்தாதீர்கள், இரண்டாவது தடவை சொல்லும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

அந்தத் தொடர் தவறவிட்ட இடமும் உண்டு. பிரானின் அக்காக்கள் சான்சா, ஆர்யா இருவரும் தனி அறையில், வில்லன் பக்கத்திலேயே இல்லாதபோதும் சண்டை போடுகிறார்கள். வில்லனை ஏமாற்றத்தான் என்றால், அது யாருக்காக நடித்த நடிப்பு என்ற கேள்வி பார்க்கிறவர்களுக்கு வந்துவிடுகிறது. ஆர்யா கத்தியைத் திருப்பி, பிடி பக்கமாக சான்சாவிடம் நீட்டுகிற ஒரு கணம் மட்டும், இருவரும் ஒரே பக்கம் என்பதற்கு நல்ல தடயம். உங்கள் நாடகத்தில் அந்த மாதிரி ஒன்றையாவது கண்டிப்பாக வையுங்கள். திருப்பம் திடீரென்று வரலாம், ஆனால் பின்னாடி யோசித்தால் கணக்கு இடிக்கக் கூடாது.

ரத்தத்துக்கு: கால் கிலோ சர்க்கரையை 125 மில்லி தண்ணீரில் காய்ச்சி, கம்பிப் பதம் வருமுன் இறக்கி ஆறவிடுங்கள். அரை ஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், ஒரு ஸ்பூன் கோகோ பவுடர் கலக்குங்கள். கோகோ இல்லாவிட்டால் லைட் வெளிச்சத்தில் ரோஸ்மில்க் மாதிரி தெரியும். கத்தி மரத்தில் இருக்கட்டும், கழுத்திலிருந்து நாலு விரல் தள்ளியே போகட்டும். ரத்தத்தில் நனைத்த சின்ன ஸ்பாஞ்சு வில்லனின் உள்ளங்கையில் இருக்கும். கழுத்தைப் பிடிக்கிற சாக்கில் அவனே பிழிவான். பாகு சிந்திய இடம் வழுக்கும், எறும்பும் வரும், உடனே ஈரத்துணியால் துடையுங்கள். கறை போகாது என்பதால் அங்கியை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கிற மலிவான கறுப்புக் காட்டனில் தையுங்கள். வெல்வெட் போட்டால் நம்ம ஊர் புழுக்கத்தில் ஆள் துவண்டுபோவார். முன்வரிசை முழுக்கக் குழந்தைகள் என்றால் ரத்தமே வேண்டாம்; முதுகைக் காட்டி விழுந்தாலே போதும்.

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதனால் 9.30-க்குள் இந்தக் காட்சி தொடங்கிவிடணும்.

கடைசியாகப் பிணம். தெருமேடையில் திரை இருக்காது, லைட்டை அணைத்தாலும் தெருவிளக்கில் எல்லாம் தெரியும். செத்தவன் எழுந்து நடந்து போனால் மொத்த உழைப்பும் வீண். சிம்மாசனப் படிக்குப் பின்னால் தலை மறைகிற மாதிரி விழச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு காவலர்கள் ஒரு போர்வையில் உருட்டி, கால் பக்கமாக இழுத்துக்கொண்டு போகட்டும். போர்வையை விழாவுக்கு முந்தின நாளே சிம்மாசனத்துக்குப் பின்னால் மடித்து வைத்து, இழுத்துப் பழகிவிடுங்கள்.