முதல் வெளிநாட்டு போஸ்டிங்கா? தூதரக வேலையில் கால் ஊன்றுவது எப்படி

தூதரக அதிகாரி என்றதும் கோட்டு சூட்டும் கொடி பறக்கும் காரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கொடி கட்டிய கார் தூதருக்குத்தான். தொடக்கநிலைப் பதவியான மூன்றாம் செயலராக முதன்முதலில் போய் இறங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு மேசை, முன்னால் இருந்தவர் விட்டுப்போன கோப்புகள், ஒருவரையும் தெரியாத ஊர், அவ்வளவுதான். ஓரிடத்தில் பெரும்பாலும் மூன்று வருடம் இருப்பீர்கள், கொஞ்சம் கூடக் குறைய. அதில் முதல் ஆறு மாதம் திக்குத் தெரியாமல் போகும், கடைசி ஆறு மாதம் மூட்டை கட்டுவதில் போகும். நடுவில் மிஞ்சுவதுதான் உண்மையான வேலைக்காலம், அதைத் திக்குத் தெரியாத பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொள்ள முடியும்.

கிளம்புவதற்கு முன்பே, உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரைப் பிடியுங்கள். "யார் யார் முக்கியமானவர்கள்?" என்று கேட்டால் அமைச்சர்கள் பட்டியலை அனுப்பிவிடுவார், அது இணையத்திலேயே கிடைக்கும். "விடுமுறை நாள் ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் யார் போனை எடுப்பார்கள்?" என்று கேளுங்கள். நாலு பேர் தேறினால் பெரிய விஷயம், அந்த நாலு பேருக்கும் அவரையே உங்களை நேரில் அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு நீங்களாகப் போய் நின்றால் அதே கதவு திறக்க மாதக்கணக்கில் ஆகும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கொச்சையாகவாவது பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் உங்களைப் பார்த்துச் சொன்னதைத்தான் மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பார், அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்ததை அல்ல. பல நாள் கூட்டத்தின் சாரமே அந்த முணுமுணுப்பில்தான் இருக்கும்.

அடுத்து, தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். மொத்தம் 53 பிரிவுகள், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தூதரக அதிகாரிக்கு உள்ள சட்ட விலக்குரிமையை, அதாவது அந்த நாட்டில் கைது, வழக்கு எதுவும் அவரைத் தொடாமல் காக்கும் உரிமையைப் பற்றி வெளியே ஊர்ப்பட்ட கதை உலவுகிறது, உள்ளேயும்தான். அந்த உரிமை உங்களுடையது அல்ல, உங்களை அனுப்பிய அரசுடையது. அரசு நினைத்தால் அதை விலக்கிக்கொள்ளலாம், 32ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சொந்தமாக வியாபாரம் செய்தாலோ, தனிப்பட்ட நிலத்தகராறில் சிக்கினாலோ அது துணைக்கு வராது, அதிலும் வியாபாரம் செய்வதையே 42ஆம் பிரிவு தடுக்கிறது. உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்நாட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்று 41ஆம் பிரிவில் பளிச்சென்று இருக்கிறது. இதை மறந்தவர்களுக்காகவே 9ஆம் பிரிவு: அந்த நாடு காரணம் எதுவும் சொல்லாமலே உங்களை 'ஏற்கத்தகாதவர்' என்று அறிவித்து அனுப்பிவிடலாம். வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு விலக்குரிமை பேசுகிற ஆளாக மட்டும் ஆகிவிடாதீர்கள், சின்னத் தலைநகரங்களில் அந்தப் பெயர் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதியவர்களைப் பெரும்பாலும் விசா, பாஸ்போர்ட் கவுன்ட்டரில்தான் முதலில் உட்காரவைப்பார்கள். அரசியல் பிரிவுக்குப் போக முடியவில்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த வேலையின் பாலபாடம் அங்கேதான். ஒரு அப்பா போனில் அழுகிறார், மகனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, "நீங்க அரசாங்கம்தானே, உடனே வெளியே கொண்டுவாங்க" என்கிறார். உங்களால் முடிந்தது இவ்வளவுதான்: அந்தப் பையன் கேட்டுக்கொண்டால் கைதைத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற, துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவைக் காட்டி அவனைப் போய்ப் பார்ப்பது, வழக்கறிஞர் ஏற்பாட்டுக்கு உதவுவது, அவன் எப்படி இருக்கிறான் என்று வீட்டுக்குச் சொல்வது. விடுதலை வாங்கித்தர முடியாது. நீதிமன்றத்தில் பேச முடியாது. இதைப் பேச்சின் முதல் ஐந்து நிமிடத்திலேயே, குரலை உயர்த்தாமல், சொல்லிவிட வேண்டும். "பார்க்கலாம் சார்" என்று இழுத்தீர்களானால் அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார், அப்புறம் ஒவ்வொரு நாளும் அதே போன், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு.

சரி, விருந்துகள். அவையும் வேலைதான், சில நாள் கால் வலிக்கிற வேலை. சொந்தத் தூதரக ஆட்களோடு ஒரே வட்டமாக நின்று சிரித்துவிட்டு வருவது வீண். மூன்று புது ஆட்களிடம் பேசிவிட்டுக் கிளம்பலாம். வீட்டுக்கு வந்ததும் அவர்களுடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் என்ன பேசினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அட்டையைப் பார்த்து யார் இவர் என்று விழிக்காத ஆளே இந்தத் தொழிலில் கிடையாது.

மிச்சம் எல்லாமே நீங்கள் தலைநகருக்கு எழுதி அனுப்பும் அறிக்கைகளுக்காகத்தான். சந்திப்பு முடிந்த அன்றைக்கே குறிப்பை எழுதுங்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் அவர் சொன்னதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள், "அவர் சொன்னது", "என் கருத்து" என்று தலைப்பே போட்டாலும் தப்பில்லை. உங்கள் அமைச்சகத்தில் அதைப் படிப்பவருக்கு அன்று அதுபோல் நிறைய வந்திருக்கும், அதனால் முதல் இரண்டு வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். மாஸ்கோவில் தூதர் இல்லாதபோது பொறுப்பில் இருந்த அமெரிக்க அதிகாரி ஜார்ஜ் கென்னன் 1946 பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு அனுப்பிய நீண்ட தந்தி அமெரிக்காவின் சோவியத் கொள்கையையே திருப்பியது உண்மைதான். அதைச் சாக்காக வைத்து நீங்களும் பக்கம் பக்கமாக அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் போதும்.

தூதரகத்தின் உள்ளூர்ப் பணியாளர்களை மறக்காதீர்கள். தூதர்கள் வருவார்கள் போவார்கள், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அம்மா இருபது வருடமாக அங்கேயே இருப்பார். எந்த அலுவலகத்தில் எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். ரகசியக் கோப்பை அவர் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது, அது விதி. ஆனால் நேரம் ஒதுக்கி அவரோடு டீ குடிக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வீட்டுப் பக்கம்தான் பலர் சறுக்குவது. உங்கள் துணைவர் அங்கே வேலை பார்க்க முடியுமா என்பது பல நாடுகளில் இரு அரசுகளுக்கும் இடையிலான ஏற்பாட்டைப் பொறுத்தது, அதை விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும்.

இரண்டாவது வருடத்தில் ஒரு சிக்கல் மெல்ல வரும். அந்த நாட்டின் நியாயம் எல்லாம் உங்களுக்கு நியாயமாகவே படத் தொடங்கும். அறிக்கையில் அவர்களைக் குறித்து எழுதும் இடத்தில் 'நாம்' என்று ஒரு தடவை விழுந்துவிட்டால், மாற்றலுக்கு மனு போட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவருக்கான குறிப்பை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டு வாருங்கள், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் எடுப்பவர்களின் பெயர்களோடு.