வட்ட வரைபு: ஆளுக்கு எத்தனை பாகை?

ஒரு முழுத்தொகையை வட்டத்தின் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் வட்ட வரைபு என்றதும் பல பிள்ளைகள் கவராயத்தை எடுத்து வட்டத்தைக் கீறிவிடுகிறார்கள். வட்டம் பிறகு வரட்டும். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆளுக்கு எத்தனை பாகை?

வெள்ளவத்தைப் பக்கத்தில் 40 பேர் படிக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். பாடசாலைக்கு எதில் வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எண்ணுங்கள். பஸ் 14, வான் 11, ஓட்டோ 8, நடை 5, ரயில் 2.

இங்கேயே ஒரு சிக்கல் வரும். மொறட்டுவையில் ரயில் ஏறி, இறங்கியதும் பஸ் பிடிக்கும் பிள்ளையை எதில் சேர்ப்பது? இரண்டிலும் போட்டால் கூட்டுத்தொகை 41 ஆகி, வரைபே பிழைத்துவிடும். கூடுதல் தூரம் எதில் வருகிறதோ அதில் மட்டும் சேருங்கள். ஒருவர் ஒரு பகுதியில்தான் இருக்கலாம். எல்லாப் பகுதியும் சேர்ந்தால் முழு வகுப்பு வர வேண்டும். 1801இல் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேபெயர் துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பை ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா என்று ஒரே வட்டத்தில் பிரித்துக் காட்டியதும் இப்படித்தான். கொழும்பின் ஒரு கிழமை வெப்பநிலையை வட்ட வரைபில் போட முடியாது. ஏழு நாள் வெப்பநிலையைக் கூட்டி வரும் எண்ணுக்குப் பொருளே இல்லையே.

சரி, கணக்குக்கு வருவோம். மையத்தைச் சுற்றி 360°. 360 ÷ 40 = 9. ஆளுக்கு 9°.

பஸ்: 14 × 9 = 126°
வான்: 11 × 9 = 99°
ஓட்டோ: 8 × 9 = 72°
நடை: 5 × 9 = 45°
ரயில்: 2 × 9 = 18°

கூட்டினால் 360 வர வேண்டும். வகுப்பில் 35 பேர் என்றால் 360 மீதியின்றி வகுபடாது. அப்போது முதலில் பெருக்கி, பிறகு வகுங்கள்: 9 பேருக்கு 9 × 360 ÷ 35, கிட்டத்தட்ட 93°.

இப்போது கீறலாம். ஆரை 5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் 18° பகுதிக்குள் ‘ரயில்’ என்று எழுத இடம் போதாது. ஓர் ஆரை கீறி, பாகைமானியின் நடுப்புள்ளியை மையத்திலும் பூச்சியக் கோட்டை ஆரையின் மேலும் வையுங்கள். பாகைமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும்; 126 இருக்கும் இடத்திலேயே 54ம் இருக்கும். உங்கள் ஆரையின் மேல் எந்த வரிசையின் பூச்சியம் இருக்கிறதோ, அந்த வரிசையிலேயே எண்ணிப் போங்கள். 126° விரிகோணம். கீறியது கூர்ங்கோணமாகத் தெரிந்தால் வரிசை மாறிவிட்டது.

அப்புறம் பாகைமானியைத் திருப்பி, புதிதாகக் கீறிய ஆரையில் பூச்சியத்தை வைத்து 99°. இப்படியே 72°, 45°. கடைசி 18° தானாகவே மிஞ்சும். ஆனாலும் அதை அளந்து பாருங்கள். 15 என்றோ 21 என்றோ வந்தால், முன்னே ஏதோ ஓர் ஆரை விலகியிருக்கிறது.

பரீட்சையில் இதைத் தலைகீழாகவும் கேட்பார்கள்: ஓர் ஆரைச்சிறையின் (இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட பகுதியின்) மையக்கோணம் 108°, அது குறிப்பது 27 பேரை, மொத்தம் எத்தனை பேர்? 108 ÷ 27 = 4, அதாவது ஆளுக்கு 4°. 360 ÷ 4 = 90 பேர்.