‘இல்லை’ வென்றால் எது மிஞ்சும்: அமெரிக்க மாநில வாக்கெடுப்புக் கேள்விகளை வாசிக்கும் முறை

2025 நவம்பர் 4 ஆம் திகதி அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலும் இல்லை, காங்கிரசுக்கான பொதுத் தேர்தலும் இல்லை. ஆயினும் அன்று கலிபோர்னியா, டெக்சாஸ், மெய்ன், கொலராடோ, நியூயோர்க், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் வாக்காளர்களிடம் சட்டங்களும் அரசியலமைப்புத் திருத்தங்களும் நேரடியாகவே கேள்வியாக வைக்கப்பட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடை கேட்கப்பட்டது. அங்கே குடியுரிமை பெற்ற மகனோ மகளோ வாக்குச்சீட்டைத் தொலைபேசித் திரையில் காட்டி “அப்பா, இதுக்கு என்ன போடுறது?” என்று கேட்கும்போது, உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருந்துகொண்டு விடை தேடுவோர் திருகோணமலையில் இருக்கிறார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்கும் நேரடி மக்களாட்சி என்ற தலைப்பின்கீழ் இவை தேவைப்படுகின்றன. இந்த இரு சாராரையும் மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் செய்யவேண்டியது கேள்வியை வாசிப்பது அன்று. ‘இல்லை’ வென்றால் நடைமுறையில் எது மிஞ்சும் என்பதைக் கண்டுபிடிப்பதே. வாக்கெடுப்புக் கேள்வி மாற்றத்தைப் பற்றியே பேசும். மாறாமல் நிற்கப்போவது எது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. நம் நாட்டில் நடந்த ஒரேயொரு மக்கள் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். 1982 டிசெம்பர் 22 அன்று வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது, அப்போதிருந்த பாராளுமன்றம் 1989 ஓகஸ்ட் 4 வரை தொடர்வதற்கு இடமளிக்கும் சட்டமூலத்தை அங்கீகரிக்கிறீர்களா என்பதாகும். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்கு குடம் சின்னமாக வழங்கப்பட்டது. குடத்துக்கு வாக்களித்தால் பாராளுமன்றத்தின் காலம் வழமைபோல் முடிந்து பொதுத் தேர்தல் ஒன்று வந்திருக்கும் என்பது கேள்வியில் இல்லை. அதை வாக்காளரே தேடி அறிந்திருக்க வேண்டும். விளக்கு ஏறத்தாழ 54.7 வீத வாக்குகளுடன் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலோ பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வாக்குகள் குடத்துக்கே விழுந்தன.

கலிபோர்னிய வாக்காளருக்கு இந்தத் தேடல் ஓரளவு எளிதாக்கப்பட்டிருக்கிறது. அம்மாநிலம் வீடுகளுக்கு அனுப்பும் வாக்காளர் கையேட்டில், ஆம் வாக்கின் பொருள் ஒரு பெட்டியிலும் இல்லை வாக்கின் பொருள் அதன் அருகே இன்னொரு பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் இல்லைப் பெட்டியை வாசியுங்கள். அதன் பின்னர் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் எழுதிய நிதி விளைவுப் பகுதியை வாசியுங்கள். ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் கடைசிக்கு உரியவை. அவை அச்சிடப்பட்ட பக்கத்தின் அடியில், அவற்றின் உண்மைத்தன்மையை எந்த அரச நிறுவனமும் சரிபார்க்கவில்லை என்று கையேடே எழுதியிருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். தடித்த எழுத்தும் ஆச்சரியக்குறியும் அங்கேதான் அதிகம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, கேள்வியை வாக்குச்சீட்டில் வைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். குடிமக்கள் கையொப்பம் திரட்டி ஒரு புதிய சட்டத்தை முன்வைக்கலாம். சட்டமன்றமே ஒரு திருத்தத்தை வாக்காளரிடம் அனுப்பலாம். சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தைத் தடுக்கவும் குடிமக்கள் கையொப்பம் திரட்டலாம். டெலவேர் தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் அரசியலமைப்புத் திருத்தம் வாக்காளரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றம் தன் வழமையான அமர்வை ஒற்றை எண் ஆண்டுகளில் மட்டுமே நடத்துவதால், அது இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழியும் திருத்தங்கள் பெரும்பாலும் அதே ஆண்டின் நவம்பரில் வாக்காளரிடம் வந்துவிடும். 2025 இல் அங்கே 17 திருத்தங்கள் ஒரே சீட்டில் வந்தன; 17 உம் நிறைவேறின. கொலராடோவிலோ ஒற்றை எண் ஆண்டுகளில் வரி, செலவு சார்ந்த கேள்விகளே மாநிலம் முழுவதற்கும் வர முடியும். ஆகவே ‘இடைப்பட்ட ஆண்டில் ஏன் இத்தனை கேள்விகள்’ என்பதற்கான விடை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெரிய தேர்தல் இல்லாத ஆண்டுகளில் வாக்களிக்க வருவோர் குறைவு என்பது மட்டும் எங்கும் பொது. குறைவானவர்கள் வாக்களிக்கும்போது ஒவ்வொரு வாக்கின் கனமும் கூடும்.

சட்டத்தைத் தடுக்கும் வகையிலான கேள்விகளில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவார்கள். கலிபோர்னியாவில் அத்தகைய வாக்கெடுப்பில் ஆம் என்றால் சட்டமன்றத்தின் சட்டம் நிலைக்கும், இல்லை என்றால் அது ஒழியும். மெய்ன் மாநிலத்தில் முறை நேரெதிர். 2020 மார்ச்சில் அங்கே, மத மற்றும் கொள்கைக் காரணங்களைக் காட்டித் தடுப்பூசியிலிருந்து விலக்குப் பெறும் வசதியை நீக்கிய புதிய சட்டத்தை நிராகரிக்க விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. சட்டத்தை விரும்பியவர் இல்லை என்றும், விரும்பாதவர் ஆம் என்றும் போட வேண்டியிருந்தது. ஆம் என்பது ஆதரவு என்ற நினைப்போடு சீட்டை எடுப்பவர் இங்கே தன் விருப்பத்துக்கு எதிராகவே புள்ளடியிடுவார். ஒரு மாநிலத்தில் பெற்ற பழக்கத்தை வீடு மாறிப் போகும் இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இனிக் கேள்வியின் வாசகத்துக்கு வரலாம். 2025 இல் மெய்ன் வாக்குச்சீட்டின் முதற் கேள்வி கூர்ந்து வாசிக்கத் தக்கது. அதை முன்வைத்தவர்கள், வாக்களிக்கும்போது புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டையே முன்னிறுத்திப் பிரசாரம் செய்தார்கள். சீட்டில் அச்சான கேள்வியோ, வாக்குச்சாவடிக்குச் செல்லாமல் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் இரண்டை நீக்குவது, தொலைபேசி மூலமோ குடும்பத்தினர் மூலமோ அதற்கு விண்ணப்பிப்பதைத் தடுப்பது, மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பிக்காமலே சீட்டு கிடைக்கச் செய்த தொடர்பதிவை முடிவுக்குக் கொண்டுவருவது, முத்திரைச் செலவு செலுத்தப்பட்ட உறையைத் தடை செய்வது, சீட்டுகளை இடும் பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது என்று அடுக்கிக்கொண்டே போய், அதன் பின்னரே அடையாள அட்டையைக் குறிப்பிட்டது. இவை அனைத்துமே அந்தச் சட்டமூலத்துக்குள் இருந்தவைதாம். ஆனால் எதை முதலில் வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதைத் தீர்மானித்தவர்கள் அதை முன்வைத்தவர்கள் அல்லர். மெய்னில் கேள்வியின் வாசகத்தை எழுதுவது மாநிலச் செயலாளரின் பொறுப்பு. வாக்காளர்கள் அக்கேள்வியைத் தோற்கடித்தார்கள். விளம்பரத்தை மட்டும் கேட்டவருக்கு ஒரு சட்டம், சீட்டை மட்டும் பார்த்தவருக்கு இன்னொரு சட்டம் என்று தோன்றியிருக்கும். எந்தக் கட்சியின்பால் உங்களுக்குச் சாய்வு இருந்தாலும், சட்டமூலத்தின் முழு வாசகத்தை ஒரு தடவையேனும் வாசிக்காமல் இரண்டில் எதையும் நம்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இலக்கங்களும் ஏமாற்றும். 2023 இல் ஒஹாயோ மாநிலத்தில் ஓகஸ்டில் ஒரு தடவையும் நவம்பரில் ஒரு தடவையும் ‘முதலாம் பிரச்சினை’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் வந்தன. ஓகஸ்ட் கேள்வி, மாநில அரசியலமைப்பைத் திருத்தச் சாதாரண பெரும்பான்மை போதாது, 60 வீதம் வேண்டும் என்றது. நவம்பர் கேள்வி, கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் சேர்ப்பதைப் பற்றியது. அவ்வுரிமையை விரும்பியோர் ஓகஸ்டில் இல்லை என்றும் நவம்பரில் ஆம் என்றும் வாக்களிக்க வேண்டியிருந்தது. ஓகஸ்ட் கேள்வி தோற்றது. நவம்பர்க் கேள்வி ஏறத்தாழ 57 வீதத்துடன் நிறைவேறியது. அந்த 57 ஐ 60 உடன் ஒப்பிட்டுப் பார்த்தால், வழமையாக ஆள் அரவமற்றுப் போகும் ஓகஸ்ட் மாதத்து வாக்கெடுப்பொன்று ஏன் அவ்வளவு தீவிரமாகப் போட்டியிடப்பட்டது என்பது விளங்கும்.

ஆகவே வெற்றி எல்லை எது என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். புளோரிடாவில் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60 வீதம் தேவை; 2024 இல் அங்கே கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 வீதம் பெற்றும் தோற்றது. நம் அரசியலமைப்பின் 85 ஆம் உறுப்புரையிலும் இதுபோன்ற ஓர் ஏற்பாடு உண்டு: செல்லுபடியான வாக்குகளில் அறுதிப் பெரும்பான்மை வேண்டும், ஆனால் அளிக்கப்பட்ட மொத்த வாக்குகள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையின் மூன்றில் இரண்டை விஞ்சாவிட்டால், அந்தப் பெரும்பான்மை மொத்த வாக்காளரில் மூன்றில் ஒன்றாகவாவது இருக்க வேண்டும். 1982 இல் சுமார் 71 வீதத்தினர் வாக்களித்ததால் இரண்டாவது நிபந்தனை எழவில்லை. பரீட்சை எழுதும் மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஒரு கேள்வி எவ்வளவு காலத்துக்கு என்பதும் வாசகத்தின் கடைசி வரிகளில்தான் கிடைக்கும். 2025 இல் கலிபோர்னிய வாக்காளர் முன் வந்த 50 ஆம் முன்மொழிவு, சுயாதீன ஆணைக்குழு வரைந்த காங்கிரஸ் தொகுதி எல்லைகளை ஒதுக்கி, சட்டமன்றம் தந்த வரைபடத்தை 2030 வரையான தேர்தல்களுக்கு மட்டும் பயன்படுத்துவதைப் பற்றியது. டெக்சாஸ் தன் தொகுதி எல்லைகளை இடைநடுவில் மாற்றியதற்குப் பதிலாகவே அது கொண்டுவரப்பட்டது. அதன் தற்காலிகத் தன்மையை அறியாமல், ஆணைக்குழுவே ஒழிந்துவிட்டதாக எழுதியவர்களும் உண்டு.

பயிற்சிக்கு வேற்று நாடு தேவையில்லை; திருகோணமலைக்கு வாக்குறுதி அளிக்கப்பட்டு நடக்காமற்போன வாக்கெடுப்பே போதும். 1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம், கிழக்கு மாகாணம் வடக்குடன் இணைந்திருப்பதா, தனி மாகாண சபையுடன் பிரிந்திருப்பதா என்பதைக் கிழக்கு மக்களே முடிவு செய்ய 1988 டிசெம்பர் 31 அன்றோ அதற்கு முன்னரோ வாக்கெடுப்பு நடத்தப்படும் என்றது. மேலே சொன்ன முறையில் அதை வாசியுங்கள். கேள்வியை வைப்பவர் யார்? ஜனாதிபதி. எல்லை எது? சாதாரண பெரும்பான்மை. விடைகள் ஆம், இல்லை அல்ல. இரண்டு ஏற்பாடுகளில் ஒன்று. வாக்கெடுப்பே நடக்காவிட்டால் எது நீடிக்கும்? இந்தக் கேள்விக்கான விடை ஒப்பந்தத்தின் அதே பந்தியில் இருந்தது: ஜனாதிபதி தன் தற்றுணிபின்படி அதைப் பிற்போடலாம். வாக்கெடுப்பு பிற்போடப்பட்டுக்கொண்டே போனது; 1988 செப்டெம்பரில் செய்யப்பட்ட இணைப்பு, 2006 ஒக்டோபர் 16 இல் அது செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, ஒரு வாக்குக்கூட எண்ணப்படாமல் நீடித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின. இணைப்பை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அப்போது வாக்கெடுப்பின் திகதியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அதைத் தள்ளிவைக்கும் அந்த ஒற்றை வரியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர், நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் உட்பட, இவ்வாக்கெடுப்புகளில் வாக்களிக்க முடியாது. கலிபோர்னியா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் வெளிநாட்டவர் இத்தகைய பிரசாரங்களுக்குப் பணம் கொடுப்பதையும் தடை செய்கின்றன. இங்கிருந்து வாசித்து விளக்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

முடிவு வெளியான பின்னும் ஒரு வேலை உண்டு. நிறைவேறியது அரசியலமைப்புத் திருத்தமா, சாதாரண சட்டமா என்று பாருங்கள். குடிமக்கள் முன்வைத்து நிறைவேறிய சாதாரண சட்டத்தைக் கலிபோர்னிய சட்டமன்றம், அச்சட்டமே அனுமதித்தாலன்றி, வாக்காளரிடம் திரும்பச் செல்லாமல் மாற்ற முடியாது. மெய்ன் சட்டமன்றமோ அத்தகைய சட்டத்தை அடுத்த அமர்விலேயே திருத்தலாம். ஆகவே மெய்னில் வாக்களித்த பிள்ளை, ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது தன் தொகுதி உறுப்பினரின் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.